கண்டு வந்தது பாதி! காணாமல் வந்தது மீதி!

அக்கரைச் சீமைக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறார்கள். பெட்டியைத் திறக்கிறார்கள், இனிப்பு வருகிறது. வாயைத் திறக்கிறார்கள், கசப்பு வருகிறது!

"அங்கே தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடக்காது. இங்கே?"

"அங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். இங்கே?"

"அங்கே அமைச்சரே சைக்கிளில் போகிறார். இங்கே?"

ஒவ்வொரு 'இங்கே'க்கும் பிறகு ஒரு பெருமூச்சு. பெருமூச்சுக்குப் பிறகு ஒரு தீர்ப்பு: "அவர்கள் இரத்தத்திலேயே ஒழுங்கு ஓடுகிறது. நம் சனங்களுக்கு அது வராது!"

இந்தத் தீர்ப்பைத்தான், தோழர்களே, இன்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போகிறேன்.

இன்னொரு சாராரும் உண்டு. அவர்களும் போய் வந்தவர்கள்தாம். "அங்கே பதினெட்டு வயதில் பெண் வீட்டை விட்டுப் போகிறாள். பெற்ற தாய் தனியே கிடக்கிறாள். பண்பாடு என்பது நமக்கே உரியது!" என்று மார் தட்டுகிறார்கள். முன்னவர் நம்மைப் பிறவி அழுக்கர் என்கிறார். பின்னவர் அவர்களைப் பிறவிக் கேடர் என்கிறார். ஏசுவது எதிரெதிர்த் திசையில்! ஏறி நிற்பதோ ஒரே மேடையில்! அந்த மேடைக்குப் பெயர் பிறப்பு. எந்தப் பிறப்பைக் காட்டி நம்மை ஒருவன் தலைமேல் ஒருவனாக அடுக்கி வைத்தார்களோ, அதே பிறப்பு இன்று விமானத்தில் ஏறிப் போய், விமானத்திலேயே திரும்பியும் வந்திருக்கிறது.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் வரை பேசுவதா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் நாடகக்காரன். மேடையில் ஒளிரும் அரண்மனையைப் பார்ப்பது சபையின் வேலை. திரைக்குப் பின்னால் கயிறு இழுப்பவன் யார், தட்டி கட்டியவன் யார், அவனுக்குக் கூலி கிடைத்ததா என்று பார்ப்பது என் வேலை. அந்தக் கண்ணோடு பார்ப்போம், வாருங்கள்!

ஜெர்மனிக்குப் போன தம்பி, முதல் ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்கப் பையோடு புறப்படுகிறான். கடைவீதி முழுதும் அடைப்பு! "என்ன அமைதி! என்ன அடக்கம்!" என்று வியக்கிறான். அந்த அமைதி இரத்தத்தில் ஊறியதன்று, தம்பி, சட்டத்தில் எழுதியது! 1919 ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டம், தனது 139 ஆம் பிரிவில், ஞாயிற்றுக்கிழமையை உழைப்பிலிருந்து ஓயும் நாளாகக் காத்தது. 1949 இல் வந்த அரசியல் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. அரிசி கிடைக்காமல் போனது உனக்கு ஒரு நாள். கடையில் நிற்கும் பெண்ணுக்கோ, பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்ச ஒரு நாள் கிடைத்தது!

அந்த அமைதியை மெச்சியவர்தான் இங்கே வந்ததும் ஞாயிறன்று துணிக்கடைக்குப் போகிறார். அறுபது சேலைகளை விரிக்கச் சொல்லி, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுகிறார். எழுவதற்கு அவருக்கு நாற்காலி இருந்தது. விரித்துக் காட்டிய பெண்ணுக்கு? அவள் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே 2021 இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. நாகரிகம் பேசும் நண்பரே, அந்த இருக்கை நீங்கள் போகும் கடையில் இருக்கிறதா என்று ஒரு நாளேனும் கேட்டீர்களா?

அடுத்து, தெருவில் கிடக்காத புட்டி. 2003 சனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை குடித்துவிட்டு எறியும் பானப் புட்டிகளுக்கும் ஜெர்மானியர் முன்பணம் கட்டுகிறார்கள்; இன்று அது 25 சென்ட். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பி வரும். புட்டி ஏன் தெருவில் கிடக்கப் போகிறது? கிடந்தால்தான் எடுத்துக் கொள்ள ஆள் இருக்கிறதே! குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டுப் புட்டி தேடும் முதியவரை அந்நாட்டு ரயில் நிலையங்களில் காணலாம். ஓய்வூதியம் போதாத வயிறு அது. தெருவின் தூய்மையைப் படம் பிடித்து வந்தவர், அந்த முதியவரைப் படம் பிடித்து வரவில்லை.

"நம் சனங்களுக்கு வராது" என்றீர்களே! நீலகிரிக்குப் போய்ப் பாருங்கள். 2022 இல், உயர்நீதிமன்றம் அழுத்திச் சொன்னதன்பேரில், மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் திருப்பித் தரும் முறை அங்கே வந்தது. காட்டில் யானையின் காலைக் கிழித்த கண்ணாடி, கடைக்குத் திரும்பி வந்தது. குடித்தவன் அதே குடிமகன்தான். இரத்தம் மாறவில்லை, ஏற்பாடு மாறியது!

ஆம்ஸ்டர்டாமின் சைக்கிளுக்கு வருவோம். அந்த ஊரில் பிறக்கும் குழந்தை கைப்பிடியும் மணியுமாகப் பிறப்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெதர்லாந்திலும் கார்கள் பெருகின. காருக்கு வழிவிடுவதே முன்னேற்றம் என்றார்கள் அங்கும். 1971 ஆம் ஆண்டில் மட்டும் சாலையில் மாண்டவர் ஏறத்தாழ 3,300 பேர். அவர்களில் குழந்தைகள் 400 க்கும் மேல்! மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972 இல் எழுதினார். அவர் கட்டுரைக்கு இட்ட தலைப்பே இயக்கத்தின் பெயராயிற்று: 'குழந்தைக் கொலையை நிறுத்து!' தாய்மார்களும் தந்தைமார்களும் தெருவை மறித்தார்கள். மக்கள் சைக்கிளோடு சாலையில் படுத்தார்கள். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, காரில்லா ஞாயிறுகள் வந்தன, அமைச்சரவை அசைந்தது. இன்று நம் தம்பி சொகுசாகச் சைக்கிள் மிதிக்கும் அந்தச் செந்நிறப் பாதை, தார் ஊற்றிப் போட்ட பாதை மட்டுமன்று. கண்ணீர் ஊற்றிப் போட்ட பாதை!

'பெண்ணுரிமையாவது அவர்கள் பிறவிக் குணம் அன்றோ?' என்பார் முன்னவர். அவருக்கு ஒரு மாணவியின் வரலாற்றைச் சொல்கிறேன். கார்னேலியா சொராப்ஜி 1889 இல் இந்தியாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனவர். 1892 இல் சட்டத் தேர்வை எழுதி முடித்தார். பட்டம் கொடுத்தார்களா? பெண்ணுக்குப் பட்டம் இல்லை என்று அங்கே விதி! 1920 இல் அந்த விதி உடைந்த பிறகே அவர் கைக்குப் பட்டம் வந்தது. முப்பது ஆண்டுக் காத்திருப்பு! கேம்பிரிட்ஜ் இன்னும் பிடிவாதம். 1897 இல் இந்தக் கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது, சைக்கிளில் ஏற்றிய ஒரு பெண் பொம்மையைத் தெருவின்மேல் தொங்கவிட்டு எக்காளமிட்டார்கள், அங்கே படித்த கனவான்கள். பெண்ணுக்கு முழுப் பட்டம் அங்கே கிடைத்தது 1948 இல். நம் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றது 1912 இல்! சுவிட்சர்லாந்துப் பெண்ணுக்கு நாட்டுத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்ததோ 1971 இல்தான். பிறவிக் குணமா இது? பேரம் பேசி, பழி சுமந்து, பிடுங்கிப் பெற்ற உரிமை!

பின்னவருக்கும் பதில் உண்டு. பதினெட்டு வயதில் ஸ்வீடன் நாட்டுப் பெண் தனி அறை பார்த்துப் போவது நெஞ்சில் ஈரம் இல்லாமையால் அன்று. பெற்றவர் வருமானத்தைப் பாராமல், படிப்பவர் கையிலேயே அரசு உதவித்தொகை தருகிறது. தந்தை மடியை அவிழ்த்தால்தான் படிப்பு என்ற நிலை அவளுக்கு இல்லை. ஆகவே தந்தை விரல் காட்டும் இடத்தில்தான் மாலை என்ற நிலையும் இல்லை. இங்கே? படிக்க வைத்த கணக்கைக் காட்டியே மகளின் மணத்தை விலை பேசுகிறார்கள். சாதி கடந்து மாலையிட்டால், வளர்த்த கையே அரிவாள் எடுக்கிறது. அதற்கு 'ஆணவக் கொலை' என்று பெயர் வைக்கும் அளவுக்கு அது பெருகிவிட்ட நாட்டில் நின்றுகொண்டு, "பண்பாடு நமக்கே உரியது" என்று மார் தட்டுவதா? தட்டும் கையில் இரத்தக்கறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!

இனி, பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும் விந்தை. ஸ்வீடனில் இதைக் கண்டு மயங்காத நம் மாணவர் இல்லை. ஆனால், அந்த நாடு முன்பு எப்படி இருந்தது? பதவிப் பெயரைச் சொல்லி, எதிரில் இருப்பவரையே படர்க்கையில் வைத்துப் பேசுவது அங்கே மரியாதை. அதை ஒரு சிறு காட்சியாக்கினால் இப்படி இருக்கும்:

எழுத்தர்: இயக்குநர் அவர்கள் காப்பி அருந்துவார்களா?

இயக்குநர்: எந்த இயக்குநர்?

எழுத்தர்: என் எதிரே வீற்றிருக்கும் இயக்குநர் அவர்கள்தாம்!

உரையாடல் என் கற்பனை, வழக்கம் உண்மை. 1967 இல் மருத்துவத் துறையின் தலைவராக வந்த புரூர் ரெக்செட், தம்மிடம் பணிபுரியும் அனைவரையும் 'நீ' என்றே அழைக்கப் போவதாகவும், அவர்களும் தம்மை அப்படியே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். ஏற்கெனவே தளர்ந்து வந்த கட்டு அறுந்தது. சில ஆண்டுகளில் நாடே 'நீ' என்றது.

'நீ' நமக்குப் புதிதா, தோழர்களே? நம் ஊரிலும் 'நீ' உண்டு. ஆனால் அது ஒருவழிப் பாதை! மேலத்தெருச் சிறுவன் வாயிலிருந்து கீழத்தெருக் கிழவனை நோக்கி இறங்கியது, ஒருநாளும் ஏறியதில்லை. எழுபது வயது உழவனை ஏழு வயதுப் பிள்ளை "டேய்" என்றது. உழவன் "சொல்லுங்க சாமி" என்றான். அங்கே மேலே இருந்தவன் மரியாதையைக் கழற்றி வைத்தால் சமத்துவம் வந்தது. இங்கே கீழே தள்ளப்பட்டவனுக்கு மரியாதையைப் பூட்டினால்தான் சமத்துவம் வரும். அவர்களுக்குச் சமத்துவத்தின் சொல் 'நீ'. நமக்குச் சமத்துவத்தின் சொல் 'வாங்க, உட்காருங்க!' பொருள் ஒன்று, பாதை வேறு. இதை அறியாமல் அந்த நாட்டு 'நீ'யை மட்டும் இறக்குமதி செய்தால், அது நேராகக் கீழத்தெருவுக்குத்தான் போய்ச் சேரும்!

எல்லாவற்றையும்விட ஒன்று இருக்கிறது. சீமையில் நம் பிள்ளைகள் நாணிக் கோணி நிற்கும் இடம் அது. விண்ணப்பத் தாள் கேட்கிறது: "குடும்பப் பெயர் என்ன?" விழிக்கிறான் நம் தம்பி. தந்தை பெயரை எழுதுகிறான். மறுநாள் முதல் அப்பாவின் பெயரைச் சொல்லி அவனை அழைக்கிறார்கள். வங்கியில் ஒரு பெயர், வகுப்பில் ஒரு பெயர். "நமக்கு ஒழுங்கான பெயர் முறைகூட இல்லையே" என்று அவன் குமைகிறான்.

தம்பி! அது இல்லாமை அன்று. அது எறிந்துவிட்டமை! உன் பாட்டன் காலத்தில் பலர் பெயருக்குப் பின்னால் சாதி ஒரு வாலாகத் தொங்கியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, அந்த வாலை அறுத்தெறியத் தீர்மானம் நிறைவேற்றியது. தலைவர்கள் மேடையிலேயே பட்டத்தைத் துறந்தார்கள். ஊர் ஊராக அந்த வழக்கம் பரவிற்று. இந்தியாவின் பல மாநிலங்களில் பெயரைக் கேட்ட நொடியில் சாதி தெரிகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஸ்வீடன் 1967 இல் பதவிப் பெயரைக் கழற்றியது என்று வியக்கிறாயே, அதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே சாதிப் பெயரைக் கழற்றத் துணிந்தவர்களின் பேரன் நீ! அந்த வெற்றுக் கட்டத்தின் முன் தலை குனியாதே. நிரப்புவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துப் பழைய வாலைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ளாதே. ஒட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போதுதான் நெஞ்சு பதைக்கிறது.

கடைசியாக ஒரு கணக்கு. "ஜெர்மனியில் படிப்பு இலவசம், தாராள மனம்" என்கிறார்கள். தாராளமா? 2005 இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் கதவைத் திறந்துவிட, 2006 முதல் பல மாநிலங்கள் அரையாண்டுக்கு 500 யூரோ வரை கட்டணம் விதித்தன. மாணவர் தெருவுக்கு வந்தனர். பவேரியாவில், 2013 சனவரியில், இரண்டே வாரங்களில், வாக்காளரில் பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அலுவலகங்களுக்கு நேரில் சென்று எதிர்த்துக் கையெழுத்திட்டனர். கட்டணம் வீழ்ந்தது. 2014 இல் கடைசி மாநிலமும் கைவிட்டது. ஆனால் 2017 இல் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, அரையாண்டுக்கு 1,500 யூரோ! யாருக்கு? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு. நம் பிள்ளைகளுக்கு! ஏன் அவர்கள்மேல் மட்டும் கை வைத்தார்கள்? அவர்கள் கையில் அங்கே வாக்குச் சீட்டு இல்லை. குரல் உள்ளவன் வென்ற இடத்தில், குரல் அற்றவன் கட்டுகிறான். பண்பாடு என்று நீங்கள் பார்த்த பளிங்கு மண்டபத்தின் அடித்தளம் இதுதான்.

ஆகவே, தோழர்களே, படிப்பகத்தில், திருமண வீட்டில், தேநீர்க் கடையில், "அங்கே எல்லாம் அப்படி, நம் சனங்களுக்கு வராது" என்று எவரேனும் தொடங்கினால், சினம் கொள்ளாதீர்கள். மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: அதை யார் கேட்டார்கள்? யார் மறுத்தார்கள்? எத்தனை ஆண்டில் வந்தது? பதில் தெரிந்தால், அவர் நமக்கு ஆசிரியர். மேடையில் ஏற்றிப் பேசச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், அடுத்த முறை போகும்போது கேட்டு வரச் சொல்லுங்கள்.

சீமைக்குப் புறப்படும் தம்பிகளே, தங்கைகளே! போய் வாருங்கள். கண்ணாரக் காணுங்கள். வரும்போது வியப்பை மட்டும் கொண்டு வராதீர்கள், வழியையும் கொண்டு வாருங்கள். "நம் சனங்களுக்கு வராது" என்ற சொல்லை மட்டும் கடலிலேயே போட்டுவிட்டு வாருங்கள். வரும்! கேட்டால் வரும், கூடினால் வரும், கொடுக்கும் வரை ஓயாவிட்டால் வந்தே தீரும்!