முதலாளி இல்லாதவனுக்கே கல்வி அதிகம் வேண்டும்

மன்னாரில் படித்த பிள்ளையிடம் ஊரார் கேட்கும் முதற் கேள்வி, "எந்தக் கந்தோரில் வேலை?" என்பதே. பேசாலையில் வள்ளம் வைத்திருப்பவரும், கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளைவிப்பவரும் தம் மக்களைப் பாடசாலைக்கு அனுப்புவது, அவர்கள் கடலையும் வயலையும் விட்டு நீங்கவேண்டும் என்பதற்காகவே. கற்றவன் மாதச் சம்பளத்துக்குப் போகிறான். படிப்பைப் பாதியில் விட்டவன் சொந்தத் தொழிலில் நிற்கிறான். 1945 இல் இலவசக் கல்வி கண்ட நாட்டுக்கு இது பெருமை தருமா?

இலங்கையில் தொழில் புரிவோருள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், எவரிடமும் சம்பளம் பெறாது தம் சொந்தக் கணக்கில் உழைப்பவர். அரசின் தொழிற்படைக் கணக்கெடுப்பு இவர்கள் அனைவரையும் ஒரே நிரலில் எழுதுகிறது. அந்நிரலில் மீனவர் உண்டு, கமக்காரர் உண்டு, தனியே தொழில் நடத்தும் வழக்கறிஞரும் வைத்தியரும் உண்டு. இதனை வாசிக்கும் நம்மிற் பலர் ஒரே நிரலினரே! ஒருவர் பத்திரத்தை எழுதுகிறார். மற்றவர் அதனை வாசியாமலே ஒப்பமிடுகிறார். இடையில் நிற்பது கல்வி ஒன்றே.

மாதச் சம்பளக்காரனைச் சட்டம் காக்கிறது. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி அவன் நூற்றுக்கு 8 பங்கு செலுத்த, தொழில்கொள்வோர் 12 பங்கு சேர்க்கவேண்டும். அந்தக் கணக்கை எழுதுவது அவன் வேலையன்று. சொந்தக் கணக்கில் உழைப்பவனுக்கு அத்தகைய பங்காளி எவருமில்லை. கமக்காரருக்கு 1987 இலும் கடற்றொழிலாளருக்கு 1990 இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. அவற்றிற் சேர அவனே விண்ணப்பிக்கவேண்டியிருந்தது. தவணைப் பணத்தை அவனே கட்டவேண்டியிருந்தது. வள்ளத்துக்கு முற்பணம் வாங்குபவனோ, பிடித்த மீனை முற்பணம் தந்தவருக்கே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்கக் கட்டுப்படுகிறான்.

"படிப்பு வலை இழுக்குமா?" எனச் சிலர் வினவலாம். இழுக்காது. இழுவைப் படகு அறுத்த வலையையும் அது பொத்தாது. ஆனால் அறுந்த வலையின் பெறுமதியைக் கணக்கிட்டு, முறைப்பாட்டை எழுதி, நட்டஈட்டைக் கேட்டுப் பெறுவதற்கு எழுத்தும் எண்ணும் வேண்டாமா?

1990 இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பிள்ளைகளும், 2009 வரை இடம்பெயர்ந்து அலைந்த தமிழ்ப் பிள்ளைகளும் இன்று வள்ளமும் வயலும் நடத்தும் வயதினர். இழந்த வகுப்பறையை அவர்களுக்கு யார் மீட்டுக் கொடுப்பது?

நாம் கேட்பவை மூன்று. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் கணக்கு, ஒப்பந்தம், காப்புறுதி ஆகியவற்றைக் கற்பிக்கும் மாலை வகுப்புகளை அரசு நடத்தவேண்டும். தமிழும் அரசகரும மொழியென 1987 இன் 13 ஆம் திருத்தம் கூறிற்று. அவ்வாறாயின் அரச வங்கிகளின் கடன் பத்திரங்கள் தமிழில் இருப்பதோடு, ஒப்பமிடுமுன் வாசித்துக் காட்டப்படவும் வேண்டும். மூன்றாவது கோரிக்கை அரசிடமன்று, நம்மிடமே. வழக்கறிஞரும் கணக்காளரும் ஆசிரியரும் மாதத்தில் ஒரு மாலையேனும் வாடிக்கும் வயற்கரைக்கும் சென்று அப்பத்திரங்களை விளக்கிச் சொல்லவேண்டும்.

தன் கையை நம்பி உழைப்பவன், தான் எதில் ஒப்பமிடுகிறான் என்பதை அறிந்து ஒப்பமிடட்டும். அவனைக் கடலிலிருந்து மீட்பதற்கு மட்டுமே கல்வி என்று எண்ணியது போதும். கடலில் அவன் தலைநிமிர்ந்து நிற்பதற்கும் அதுவே துணையாகும்.