பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

பொழுது சாய்ந்ததும் தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகளில் வாணலிச் சத்தம் தொடங்கிவிடுகிறது. பல வண்டிகளில் ஒரு வாசகம் தொங்குகிறது: ‘இங்கு அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை’. அதைப் படித்த நிம்மதியில் பிள்ளைகளுக்கு ஒரு ஃப்ரைட் ரைஸ் பார்சல் வாங்கிக்கொள்கிறோம். அதே வண்டியில் சிக்கன் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய் கிடப்பதையும், ஒரே தட்டுச் சோற்றில் உப்பு, சோயா சாஸ், சில்லி சாஸ் என அடுத்தடுத்து விழுவதையும் நாம் கவனிப்பதே இல்லை. பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறோம்.

அஜினோமோட்டோ என்பது நிறுவனத்தின் பெயர். பொருளின் பெயர் மோனோசோடியம் குளூட்டமேட். ‘கொம்பு’ என்ற கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் தேடிய ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகேடா, 1908இல் இதைக் கண்டறிந்தார். இன்று கரும்பு ஆலைக் கழிவுப்பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். இதிலுள்ள குளூட்டமேட் தக்காளியிலும் உண்டு, தாய்ப்பாலிலும் உண்டு.

பிறகு அச்சம் எப்படி வந்தது? 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்றார். சோயா சாஸா, சமையல் ஒயினா, உப்பா, இந்தச் சுவையூட்டியா என்று ஐயங்களைத்தான் அடுக்கினார். பழி மட்டும் சுவையூட்டியின் மேல் நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு, பிறந்த எலிக்குஞ்சுகளின் தோலுக்கடியில் இதைப் பெரும் அளவில் ஊசியாக ஏற்றியபோது மூளை பாதிக்கப்பட்டதாக வந்த ஆய்வு அச்சத்தை வளர்த்தது. ஊசியில் ஏற்றுவதும் உணவில் உண்பதும் ஒன்றல்ல. உணவில்லாமல் 3 கிராமோ அதற்கு மேலோ உட்கொண்டால் சிலருக்குத் தலைவலி, மரமரப்பு போன்ற சிறு தொல்லைகள் சற்று நேரம் வரலாம் என்பதே அமெரிக்க அரசு கேட்டுப் பெற்ற 1995ஆம் ஆண்டு அறிக்கையின் முடிவு.

அதற்காக அள்ளிப் போடலாம் என்றாகாது. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் ஒரு நாள் வரம்பு விதித்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.8 கிராம். மாஸ்டர் கணக்கில்லாமல் வீசும் ஒரு தேக்கரண்டியே அதைத் தாண்டிவிடும். 12 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இந்த எச்சரிக்கைகளை மதிக்க வேண்டும். ஆனால் அளவோடு சேர்த்தால் இது நஞ்சல்ல என்பதே நம் நிலைப்பாடு.

உண்மையான ஆபத்து உப்பில் இருக்கிறது. சாதாரண உப்பில் சோடியம் 39 சதவீதம். பழிக்கப்படும் சுவையூட்டியில் 12 சதவீதம்தான். நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக மக்கள் சராசரியாக அதைப் போல இரு மடங்கு உண்கிறார்கள். ரத்தக் கொதிப்பும் பக்கவாதமும் அந்த வழியாகவும் வீட்டுக்குள் வருகின்றன. அடுத்தது எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. எத்தனை வண்டிகளில் இதைச் சோதித்திருப்பார்கள்?

உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் மாலை நேரத்தில் தெருவுக்கு வந்து எண்ணெயைச் சோதிக்க வேண்டும். நூடுல்ஸ், சிப்ஸ் பொட்டலங்களின் முன்பக்கத்தில் உப்பின் அளவைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், தமிழில் அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும். சுவையூட்டி சேர்த்தால் சேர்த்ததாகச் சொல்லும் நேர்மை கடைக்காரர்களுக்கும் நிறுவனங்களுக்கும் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்டி முன் நிற்கும்போது பலகையைப் படித்ததோடு நிற்காமல் வாணலியையும் எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருந்தால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும், அந்தப் பொட்டலத்தைப் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள்.