‘அப்பா’ன்னு கூப்பிடுடா!

மாசி மகத்தன்று திருவண்ணாமலையில் ஒரு விசேஷம் நடக்கும். பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் பஸ் பிடித்து வருகிற பலருக்கு இது தெரியாது. அன்றைக்கு அண்ணாமலையார் கோயிலைவிட்டுக் கிளம்பி, பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போவார். கௌதம நதிக்கரையில் ஒரு மனிதனுக்குத் திதி கொடுப்பார். ஆமாம், சாமி திதி கொடுப்பார்!

அந்த மனிதர், வல்லாள மகாராஜா. 14-ம் நூற்றாண்டில் திருவண்ணாமலையிலும் இருந்து ஆண்ட ஹொய்சள மன்னர். மதுரை சுல்தானோடு மோதி உயிரைவிட்டவர். கோயிலில் இருக்கிற வல்லாள கோபுரத்துக்குச் சொந்தக்காரர். பிள்ளை இல்லாத ராஜா. சிவனே குழந்தையாக வந்து, ‘நானே உனக்குப் பிள்ளை, உன் கடைசிக் காரியத்தை நானே செய்கிறேன்’ என்று வாக்குக் கொடுத்தார் என்பது புராணம். ராஜா போய் ஏறக்குறைய எழுநூறு வருஷம் ஆகப்போகிறது. வருஷம் தவறாமல் பிள்ளைக் கடன் நடந்துகொண்டிருக்கிறது.

ரத்த சம்பந்தம் ஒரு சொட்டுக்கூட இல்லாத அப்பா, பிள்ளை. இதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற அதே ஜனங்கள் வீட்டுக்கு வந்ததும், “என்ன இருந்தாலும் பெத்தவன் மாதிரி வருமா?” என்பார்கள். கணவனை இழந்த ஒரு பெண் துணிந்து இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால், அவளுடைய பத்தாம் கிளாஸ் பையனைப் பிடித்துக்கொண்டு, “இனிமே இவர்தான் உனக்கு அப்பா. எங்கே, அப்பான்னு கூப்பிடுடா!” என்பதும் அவர்களேதான்.

நான் சண்டைக்கு நிற்கப்போவது இந்த இரண்டாவது வசனத்தோடுதான்.

காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோயில் சந்நிதியில் சிம்பிளாகத் தாலி கட்டியாகிவிட்டது. இருபது, முப்பது பேர். ஹோட்டலில் சாப்பாடு. பையன் ஒரு மூலையில் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறான். கல்யாணம் நிச்சயமான விஷயமே அவனுக்குப் போன வாரம்தான் தெரியும். ‘சின்னப் பையன், அவன்கிட்ட எதுக்கு’ என்று மறைத்தவர்கள், இப்போது ‘பெரிய பையன், நீதான் புரிஞ்சுக்கணும்’ என்கிறார்கள். ஒரே வாரத்தில் எப்படி சார் அவன் பெரியவன் ஆனான்?

வீட்டுக்கு வந்தால் ஹாலில் மாலையோடு தொங்கிய அப்பா போட்டோவைக் காணோம். பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நிற்கிறது. யாரோ ஒரு அத்தை, நல்ல எண்ணத்தில்தான், கழற்றி வைத்திருக்கிறார். போட்டோ மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வேறு கலரில் சதுரமாகத் தெரிகிறது. அந்தச் சதுரத்துக்குக் கீழே நாற்காலி போட்டுப் புது மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பாவம், அவருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த நேரம் பார்த்து, “அப்பாவுக்குத் தண்ணி கொண்டாடா!”

அவன் கதவை அறைந்து சாத்தாமல் வேறென்ன செய்வான்?

அவ்வளவுதான். ‘திமிர்’, ‘கெட்ட சகவாசம்’ என்று அவனுக்குப் பட்டம். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பட்டம்: “தோளுக்கு மேல வளர்ந்த பிள்ளையை வெச்சுக்கிட்டு இவளுக்குக் கல்யாணம் கேக்குதா? பாருங்க, புள்ளைக்கே பொறுக்கலை!” அதாவது, பையனின் கோபம் பையனுக்கு எதிராகவும் பயன்படுகிறது, அம்மாவுக்கு எதிராகவும் பயன்படுகிறது. கோபத்தை உண்டாக்கியவர்கள் மட்டும் பாயசத்துக்கு அப்பளம் நொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கலாசாரக் காவலர்களுக்கு ஒரு வார்த்தை. பெண்ணின் மறுமணம் நேற்று டி.வி-யைப் பார்த்து வந்ததில்லை. ‘அறுத்துக் கட்டுவது’ என்று தமிழ்நாட்டில் எத்தனையோ சாதிகளில் சாதாரணமாக நடந்த காரியம். ‘உயர்ந்தவர்கள்’ செய்யவில்லை என்பதற்காக மற்றவர்களும் விட்டார்கள். 1975-லிருந்து தர்மாம்பாள் அம்மையார் பெயரில் கைம்பெண் மறுமணத்துக்குத் தமிழக அரசே உதவி கொடுத்துவருகிறது. ஆகவே, கல்யாணம் சரியா, தப்பா என்பது என் கேள்வியே இல்லை. சரிதான். கல்யாணம் அம்மாவின் உரிமை. ஆனால், ‘அப்பா’ என்கிற வார்த்தை அந்தப் பையனின் சொத்து. அம்மா தன் கல்யாணத்தை முடிவு செய்யலாம். அவன் வார்த்தையை எடுத்து இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது.

நம்முடைய மொழியையே பாருங்களேன். அப்பா இரண்டாம் தாரம் கட்டினால் வருகிறவளுக்கு ‘சித்தி’ என்று வார்த்தை தயாராக இருக்கிறது. அந்தப் பெயரில் 1999-ல் ஆரம்பித்த ஒரு சீரியல் ஊரையே டி.வி. முன்னால் உட்காரவைத்தது. அம்மா மறுமணம் செய்தால் வருகிறவருக்கு? ‘மாற்றாந்தந்தை’ என்று பேப்பர்காரர்கள் எழுதுவார்கள், அதுவும் பெரும்பாலும் போலீஸ் செய்தியில். வீட்டில் கூப்பிட ஒரு சொல் கிடையாது. கூப்பிட வார்த்தையே இல்லாத உறவுக்குள் ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டு, செத்துப்போனவருடைய வார்த்தையைப் பிடுங்கி ஒட்டப் பார்க்கிறோம்.

சட்டம்கூட இதில் நம் அத்தைகளைவிட நிதானம். 1956-ம் வருஷத்து இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டத்தில் இயற்கைப் பாதுகாவலர் யார் என்று சொல்கிற 6-வது பிரிவு, ‘அப்பா’ என்ற சொல்லில் மாற்றாந்தந்தை அடங்க மாட்டார் என்று விளக்கமே எழுதி வைத்திருக்கிறது. பார்லிமென்ட் கொடுக்காத பட்டத்தை ஹோட்டல் பந்தியில் கொடுக்கிறார்கள்!

சட்டம் எப்போதும் இப்படி நல்ல பிள்ளையாக இருந்ததா என்றால், இல்லை. வித்யாசாகர் போராடிக் கொண்டுவந்த 1856-ம் ஆண்டு விதவை மறுமணச் சட்டத்தில் ஒரு முள் உண்டு. விதவை மறுமணம் செய்துகொண்டால், இறந்த கணவனின் அப்பா, அம்மாவோ ஆண் உறவினரோ கோர்ட்டுக்குப் போய், ‘குழந்தைக்கு வேறு கார்டியன் போடுங்கள்’ என்று கேட்கலாம். இறந்தவர் உயில் எழுதி யாரையாவது கார்டியனாக நியமித்திருந்தால்தான் தப்பிக்கலாம். முதல் கணவனின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமையும் போய்விடும். கல்யாணம் வேண்டுமா, பிள்ளை வேண்டுமா என்று கழுத்தில் கத்தி வைக்கிற சட்டம். 1983-ல்தான் அதை ரத்து செய்தார்கள். புத்தகத்திலிருந்து போய்விட்டது. மாமனார் வீட்டுத் திண்ணையிலிருந்து போகவில்லை.

போகவில்லை என்பதற்கு சாட்சி, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஆந்திரா வழக்கு ஒன்று. குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை, அப்பா இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார். தாத்தா, பாட்டி வழக்குப் போட்டார்கள். சண்டை கடைசியில் பிள்ளையின் குடும்பப் பெயரில் வந்து நின்றது. பழைய குடும்பப் பெயரையே வைக்க வேண்டும், ரெக்கார்டில் பெற்ற தகப்பன் பெயரைக் காட்ட வேண்டும், அது முடியாத இடத்தில் புதுக் கணவரை ‘மாற்றாந்தந்தை’ என்று எழுத வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. அப்படி எழுதச் சொல்வது கிட்டத்தட்டக் கொடூரம், பிள்ளையின் மனநிலையையும் சுயமரியாதையையும் யோசிக்காத காரியம் என்று கண்டித்தது. பெயரை முடிவுசெய்யும் உரிமை தாய்க்கே என்றது.

நல்ல தீர்ப்பு. ஆனால், தீர்ப்பு வந்தபோது அந்தக் கைக்குழந்தைக்கு வயசு பதினாறு. அவ்வளவு வருஷமும் ஒரு பையனின் பெயரைப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். நம்மூரில் இந்த இழுபறி இனிஷியலில் நடக்கும். கேஸ் கட்டே இல்லாமல், ஒன்பதாம் வகுப்பு முடிந்து பத்தாம் வகுப்பு ஃபாரம் நிரப்புகிற நேரத்தில், ‘மாத்திடலாமா?’ என்று ஆரம்பிப்பார்கள். “உனக்கு எந்த இனிஷியல் வேணும்?” என்று பையனிடம் கேட்கிற வீடு எத்தனை? தத்து உத்தரவு போடும் முன் வயசுக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி பிள்ளையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2015-ம் வருஷத்து சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. சட்டம் கேட்கச் சொல்கிற கேள்வியைச் சாப்பாட்டு மேஜையில் நாம் கேட்பதில்லை.

இன்னொரு நல்லெண்ண அபத்தம் இருக்கிறது. “வயசுப் பையன், கண்டிக்க ஒரு ஆம்பளை வேணும்.” இதைச் சொல்லித்தான் பல மறுமணங்களுக்கு சம்மதமே வாங்குகிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் துணை வேண்டும் என்று சொல்ல வெட்கம். போலீஸ்காரர் வேண்டும் என்று சொல்லலாம். வந்து இறங்குகிற மனிதரின் கையில் முதல் வாரமே லத்தி. முடி வெட்டு, மார்க் ஷீட்டைக் காட்டு, யார்கிட்ட போன் பேசின..? அமெரிக்காவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியல் பேராசிரியை முப்பது வருஷத்துக்குமேல் சுமார் 1,400 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, 2002-ல் புத்தகம் எழுதினார். வந்தவுடன் அதட்ட ஆரம்பிக்கிற மாற்றாந்தந்தை தோற்கிறார். அம்மாவுக்குப் பின்பலமாக நின்றுகொண்டு முதலில் சிநேகிதனாகப் பழகுகிறவர் தேறுகிறார். பிள்ளைகள் பதின்பருவத்தில் கால்வைக்கும் சமயம்தான் இதற்கு ரொம்பக் கஷ்டமான சமயம். இதுதான் சாரம். நம்ம வீட்டுக் கிழவிகளைக் கேட்டிருந்தால் அவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஷேக்ஸ்பியரும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஹாம்லெட்டின் அப்பா செத்து இரண்டு மாசம் ஆகவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்ட சித்தப்பா, நிறைந்த சபையில் அவனை ‘மகனே’ என்கிறார், அழுதது போதும் என்று உபதேசமும் செய்கிறார். அந்த ஆள் கொலைகாரன் என்று ஹாம்லெட்டுக்கு அப்போது தெரியவே தெரியாது. அதற்கு முன்பே பற்றி எரிகிறதே, அது அந்த ‘மகனே’வால்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளின் வெறுப்பு வெறும் வெறுப்பு இல்லை, எச்சரிக்கை. முக்கியமாகப் பெண் பிள்ளைகள். ‘எனக்கு அவரைப் பிடிக்கலை, தனியா இருக்க மாட்டேன்’ என்று ஒரு பெண் சொன்னால், ‘அப்பாவைப் பத்தி இப்படிப் பேசாதே’ என்று வாயை அடைக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். கேட்டதை நம்புங்கள். 2012-ம் ஆண்டு போக்ஸோ சட்டத்தில், திருமண வழி உறவினர் செய்கிற குற்றம், பெற்ற தகப்பன் செய்வதைப் போலவே, கூடுதல் தண்டனைக்கு உரியது. 1098-க்குப் போன் போட்டால் உதவி உண்டு. ‘அப்பா’ என்று கட்டாயப்படுத்துவதில் எனக்குப் பெரிய பயமே இதுதான். அந்த வார்த்தையை வாயில் திணித்துவிட்டால் பிறகு புகார் சொல்ல வாய் வராது.

மற்ற வீடுகளுக்கு வருவோம். அவைதான் அதிகம். நல்ல மனுஷன், நல்ல பையன், நடுவில் முறைப்பு. திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பதினாறு வயசுப் பையனைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1892-ல் பன்னிரண்டு வயசில் அப்பாவைப் பறிகொடுத்து, மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்த வேங்கடராமன், 1896-ல் அண்ணன் கடிந்துகொண்ட ஒருநாள், என் தகப்பனைத் தேடிப் போகிறேன் என்று சீட்டு எழுதிவைத்துவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1-ம் தேதி இந்த ஊர்க் கோயிலுக்குள் நுழைந்தார். பிறகு அவர் ரமண மகரிஷி. பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது ஞானத் தேடல்தான். நம் வீட்டு முறைப்போடு அதை நான் முடிச்சுப்போடவில்லை. ஆனால், அந்த வயசில் ‘தகப்பன்’ என்ற சொல் எவ்வளவு கனம் என்பதற்கு அந்தச் சீட்டைவிட வேறு சாட்சி வேண்டுமா?

எனவே, புதிதாக வருகிற ஐயா, உங்களிடம்தான் கேட்கிறேன். ‘அங்கிள்’ என்றால் அங்கிளாக இருங்கள். ‘சார்’ என்றாலும் குடிமுழுகிவிடாது. ‘இந்தாங்க’, ‘வாங்க’ என்று பேரே சொல்லாமல் ரெண்டு வருஷம் ஓட்டினாலும் ஓட்டட்டும். கடைசிவரை அவன் அப்பா என்று கூப்பிடாமலே போகலாம். அதற்கும் தயாராகத்தான் வர வேண்டும். அத்தை வாயைத் திறந்தால், “அவன் இஷ்டம்ங்க” என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பீரோவுக்குப் பின்னால் இருக்கிற போட்டோவை எடுத்துத் துடைத்து, பழைய ஆணியிலேயே உங்கள் கையால் மாட்டுங்கள்.

அப்புறம், தை அமாவாசை வரும். அய்யங்குளக்கரையில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் அலைமோதும். பையன் தன் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும், கூட யாராவது போக வேண்டும். அதிகாலையில் வண்டியை எடுங்கள். அவன் தண்ணீரில் இறங்கட்டும். நீங்கள் மேல் படியில் அவன் சட்டையையும் செல்போனையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். திரும்பும்போது அவன் பேச மாட்டான். பரவாயில்லை. வழியில் டீக்கடையில் நிறுத்தி, ரெண்டு டீ சொல்லுங்கள்.