டிஎம் பிளான்ட் சத்தத்தை வேலியில நின்னு அளந்தா போதுமா?

1/ அனல் மின்நிலையம்னா நமக்கு புகையும் சாம்பலும்தான் ஞாபகம் வரும். மேட்டூர்ல இருக்கிற 1440 மெகாவாட் நிலையத்தையே எடுத்துக்கோங்க. காவிரித் தண்ணி அப்படியே கொதிகலனுக்குப் போகாது. உப்பு இருந்தா குழாயும் டர்பைனும் பாழாகிடும். அந்த உப்பை எடுக்கிற இடம்தான் டிஎம் பிளான்ட். இந்த த்ரெட் அதோட சத்தத்தைப் பத்தி.

2/ தண்ணி சுத்தம் பண்ற இடத்துல என்ன பெரிய சத்தம்? பம்பு, கம்ப்ரசர், கார்பன் டை ஆக்சைடை வெளியேத்துற புளோயர், ரெசினைக் காத்து ஊதிக் கலக்குற புளோயர். இதுல கடைசி புளோயர் ரெசினைப் புதுப்பிக்கும்போது மட்டும்தான் ஓடும். அது ஓடாத நேரமாப் பார்த்து மீட்டரோட போனா ரிப்போர்ட் ரொம்ப அழகா வரும்!

3/ டெசிபல் சாதாரணக் கூட்டல் இல்லை. 85 டெசிபல் மெஷின் பக்கத்துல இன்னொரு 85 வச்சா 170 ஆகாது, 88 ஆகும். ஆனா ஒலி ஆற்றல் இரட்டிப்பு. "வெறும் 3 தானே சார்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

4/ 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி தொழிற்பகுதிக்கு பகல்ல 75, ராத்திரி 70. அது ஊருக்கான கணக்கு. உள்ளே வேலை செய்றவருக்கு நம்ம நாட்டு வரம்பு 8 மணி நேரத்துக்கு 90. அமெரிக்காவின் நியாஷ் 85-ஐத் தாண்டாதேங்குது. வேலியில 70 வந்துச்சுன்னா உள்ளே இருக்கிறவர் காது பத்திரம்னு அர்த்தம் இல்லை.

5/ உள்காதுல செத்த முடிச்செல்கள் திரும்ப வளராது. மாத்திரை கிடையாது. முதல்ல அடிவாங்குறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால ஆரம்பத்துல அவருக்கே தெரியாது. அப்புறம் "பேசுறது கேக்குது, என்னன்னு புரியல"ம்பார். வீட்ல டிவி சத்தம் ஏறிக்கிட்டே போகும்.

6/ ரொம்ப பாவம் ஒப்பந்தத் தொழிலாளிதான். வேலைக்குச் சேரும்போது ஆடியோகிராம் எடுக்கலைன்னா, இங்கதான் காது போச்சுன்னு பின்னாடி எப்படி நிரூபிப்பார்? என் கருத்து: முழு ஷிஃப்டுக்கும் டோசிமீட்டரை அவர் தோள்ல மாட்டி அளக்கணும், எல்லா புளோயரும் ஓடுற நாள்ல. ரிசல்ட்டை அவர் கையில கொடுக்கணும்.

7/ "காதுல பஞ்சு வச்சா போதாதா?" போதாது. இயர் பிளக்கே கடைசி வழிதான். முதல்ல புளோயருக்கு சைலன்சர், சுத்தி மூடி, தேய்ஞ்ச பேரிங் மாத்துறது.

8/ டாக்டர் நண்பர்களே, சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில இருந்துச்சு. 2020 சட்டத்தொகுப்பிலும் இருக்கு. சிகிச்சை தர்ற டாக்டர் எழுத்துமூலமா தெரிவிக்கணும். இது தயவு இல்லை, சட்டக் கடமை. பழனியில அனல் மின்நிலையம் இல்லைதான். ஆனா திண்டுக்கல் மாவட்டம் முழுக்க நூல் மில் இருக்கே! ஓ.பி.சீட்டுல "என்ன வேலை பார்க்கறீங்க?"ன்னு ஒரு வரி சேர்த்துக்கேளுங்க.

9/ மீட்டர் இல்லாதவங்களுக்கு: ஒரு கை தூரத்துல நிக்கிறவர்கிட்ட கத்திப் பேச வேண்டியிருந்தா, அங்க சத்தம் 85-க்கு மேல இருக்க வாய்ப்பு அதிகம். உங்க வீட்டுக்காரர், அண்ணன், தம்பி வேலை செய்ற இடம் அப்படியான்னு இன்னைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க.