வீகன் வந்தால் பொங்கல் கெடுமா?

பொங்கலன்று முப்பது பேருக்குச் சமையல். அதில் இரண்டு பேர் வீகன், பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டார்கள் என்று தெரிந்ததும் அடுக்களையில் ஒரு பேச்சு எழும். "ரெண்டு பேருக்காக மொத்தச் சமையலையும் மாத்தணுமா? பாலும் நெய்யும் இல்லாம அது என்ன பொங்கல்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் நிற்காது.

முதலில் அந்த 'மொத்தச் சமையல்.' நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் பொங்கல் இலையை எடுத்துக்கொள்வோம். சிறுகிழங்கு, சேனை, கருணை, அவரைக்காய், பூசணி, வாழைக்காய், எல்லாக் காயும் விழுந்த சாம்பார். பொரியலுக்குத் தேங்காய்ப்பூ, தாளிக்க நல்லெண்ணெய். அப்பளம் உளுந்து மாவு, வடையும் உளுந்து. கரும்பையும் பனங்கிழங்கையும் சொல்லவே வேண்டாம். பாலும் நெய்யும் தலைகாட்டுவது சர்க்கரைப் பொங்கலில், பருப்பின் மேல் ஊற்றும் நெய்யில், ரசத் தாளிப்பில், அவியலில், பச்சடியில், மோரில். அவற்றிலும் பாதி கடைசி நிமிடத்தில் சேர்வது. அவியலில் தயிர் விடுமுன் இரண்டு கிண்ணம் தனியே எடுத்து எலுமிச்சை பிழிந்துவிட்டால் முடிந்தது. ரசத்தை எண்ணெயில் தாளித்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. தனி அடுப்பு, தனிச் சமையல் எதுவும் வேண்டாம். எந்த நேரத்தில் பிரித்து எடுக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: "நம்ம சைவச் சாப்பாடே வீகன்தானே!" இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் நல்லெண்ணத்தோடு ஏமாற்றும். கடைப் பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளி பாலையும் தேனையும் அனுமதிக்கும் குறி. அதனால்தான் 2022-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது, தனிக் குறியும் இருக்கிறது. பிஸ்கட், முறுக்கு, இனிப்பு என்று கடையில் வாங்கி அடுக்குபவர்கள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். முறுக்கு மாவில் வெண்ணெய் போடும் வழக்கத்தை விருந்தாளி அறிவார், நாம்தான் மறந்துபோவோம்.

"பால் பொங்காமல் பொங்கலா?" என்பதுதான் கனமான கேள்வி. அன்று காலை எதிர்ப்பட்டவரிடம் கேட்பதே "பால் பொங்கிச்சா?" என்றுதான். ஆனால் பானைக்குள் எட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதில் இருப்பது அரிசி களைந்த நீரும் ஒரு கை பாலும். அந்தக் களைந்த நீரில் கரைந்திருக்கும் மாவே நுரைகட்டிப் பொங்கப் போதும், சோற்றுப் பானை பொங்கி அடுப்பை அணைப்பதைப் பார்க்காதவர் யார்? தவிர, எங்கள் பக்கத்தில் இரண்டு பானை வைக்கும் வீடுகள் பல. ஒன்றில் வெறும் பச்சரிசிப் பொங்கல், மற்றதில் சர்க்கரைப் பொங்கல். சாமிக்குப் பால் ஒரு பானையில் பொங்கட்டும், மற்றதில் தேங்காய்ப்பால் இருக்கட்டும். சூரியன் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

தேங்காய்ப்பால் சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரே ஒரு கவனம். அரிசியும் பாசிப்பருப்பும் இரண்டாம் பாலில் குழைய வெந்து, வெல்லப்பாகு சேர்ந்து சுருண்டு, அடுப்பை அணைத்த பிறகுதான் கெட்டியான முதல் பாலை விட வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் கக்கிவிடும். முந்திரியையும் தேங்காய்ப் பல்லையும் தேங்காய் எண்ணெயில் வறுத்துக் கொட்டலாம். நெய் மணம் வருமா? வராது. அந்த ஒரு விஷயத்தில் அடுக்களைக்காரர்கள் சொல்வது சரி. நெய்ப் பொங்கலின் போலியாக இதை நீட்டினால் தோற்கும். தனிப் பண்டமாகப் பரிமாறினால் பானை காலியாகும்.

வெளிநாட்டு மோகம் என்பவர்களுக்குச் சுருக்கமான பதில் போதும். வீகன் சங்கம் 1944-இல் இங்கிலாந்தில் தொடங்கியது உண்மை. இலையில் கிடப்பது என்னவோ சிறுகிழங்குதான்.

அடுத்தது "ஒரு சொட்டு நெய்தானே!" உண்மையில் விருந்து கெடுவது இங்கேதான், சமையலில் அல்ல. பருப்பு விழுந்த கையோடு பெரியம்மா நெய்க் கிண்ணத்தோடு வருவார். "எனக்கு வேண்டாம் பெரியம்மா" என்று பெண் இலையின் மேல் கையை விரித்து மறைப்பாள். "நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு சொல்லாதடி" என்று விரலிடுக்கு வழியாக ஒரு கரண்டி இறங்கிவிடும். அன்பில்தான் செய்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அதே பெரியம்மா, கார்த்திகையில் மாலை போட்ட மகனிடம் "ஒரு துண்டு மீன்தானே" என்று சொன்னதுண்டா? அவனுக்காகத் தனிப் பாத்திரம் வைத்து, மீன் சட்டியையே பரணில் ஏற்றியவர். மகரஜோதி வரை அதைச் செய்ய முடிந்த வீட்டுக்கு இது பெரிய வேலையே இல்லை. விரதத்துக்குச் சாமி காரணம், இதற்கு மாடு காரணம். மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்ட முதலில் உட்காருபவளும் அவளாகவே இருக்கலாம். (ஜல்லிக்கட்டுப் பேச்சை மட்டும் இலை எடுத்த பிறகு ஆரம்பிப்பது நல்லது.)

"வேணும்னா அவங்களே கட்டி எடுத்துட்டு வரட்டும்" என்பதும் "ஓரமா தனி இலை போட்டுடலாம்" என்பதும் உதவி போலத் தெரிந்தாலும் பந்தியிலிருந்து தள்ளிவைப்பதுதான். எல்லோரோடும் ஒரே வரிசையில் உட்காரட்டும். நெய்யும் தயிரும் கேட்பவருக்கு மட்டும் கடைசியில் வரட்டும். பச்சடிக் கரண்டி பொரியல் பாத்திரத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளப் பரிமாறுபவர்களில் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தால் ஆயிற்று.

சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் காபி கலக்கும்போது இவர்களுக்கு என்ன கொடுப்பது என்று திகைக்கவும் தேவையில்லை. உடன்குடிக் கருப்பட்டி தட்டிப்போட்டு, சுக்குச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் பால் கேட்காத காபி தயார். கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள், பெரியப்பாவும் ஒரு டம்ளர் கேட்பார்.