காஷ்மீர் வரைக்கும் ஓட்டுங்க, ஆனா அதுக்காக லோன் போட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்காதீங்க

போன மாசம் நம்ம சேனலுக்கு ஒரு தம்பி அனுப்பின கேள்வி இது. "அண்ணா, சம்பளம் 58,000. செகண்ட் ஹேண்ட்ல ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் பார்த்து வச்சிருக்கேன். லோன் போட்டு எடுத்து, கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரைக்கும் ஒரே மூச்சா ஓட்டணும். தப்பா?"

ஓட்டறது தப்பே இல்ல தம்பி. ஆனா நீங்க கேட்டது ஒரு கேள்வி இல்ல, ரெண்டு. கார் வாங்கறது ஒண்ணு, ட்ரிப் போறது இன்னொண்ணு. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்ட ஆளு நான். அதனால முதல்ல என் கதை.

எனக்குச் சொந்த ஊர் ஏரியூர். பென்னாகரம் தாண்டி, மேட்டூர் அணையோட தண்ணி தேங்குற பக்கம். எங்க ஏரியாவுல அக்கரைக்குப் போகணும்னா நாகமரையில பைக்கைப் படகுல ஏத்திப் பண்ணவாடி போறவங்க இன்னிக்கும் உண்டு. அப்படிப்பட்ட ஊருக்கு 2018ல ரெண்டு கதவு வச்ச ஒரு காரை ஓட்டிக்கிட்டு வந்தேன். பேரு எதுக்கு. பெங்களூர்ல வேலை, சம்பளம் 62,000, வயசு 27. யூடியூப்ல மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கிட்டு அமெரிக்காவைக் குறுக்கே கடக்கறவங்களோட வீடியோவா பார்த்துப் பார்த்து வந்த ஆசை. 1989லிருந்து வர்ற கார் அது. 2016லேயே பத்து லட்சமாவது காரைச் செஞ்சு முடிச்சுட்டாங்க. நம்ம ஊர்ல கம்பெனி விக்கறதில்ல. சரி, அது இல்லைன்னா அதோட சித்தப்பா பையன் மாதிரி ஒண்ணுன்னு தேடிப் பிடிச்சேன்.

விலை 14.5 லட்சம். கையிலிருந்து 2.5 லட்சம், மீதி 12 லட்சம் லோன். வட்டி 13 சதவீதம், 60 மாசம், இ.எம்.ஐ. 27,303. ரூம் வாடகை 11,000, வீட்டுக்கு 8,000 போக, சாப்பாடு, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் சேர்த்து மிஞ்சினது பதினஞ்சாயிரத்துச் சொச்சம். அதுல எப்படிங்க காஷ்மீர் போறது? அந்தக் காரில் நான் அதிகபட்சம் போனது ஹம்பி. ட்ரிப்புக்காக வாங்கின கார், ட்ரிப்புக்கான பணத்தையே தின்னுடுச்சு.

2019 கோடையில எங்க போர்வெல் வத்திப்போச்சு. கடலைக்கா காட்டுக்குத் தண்ணி இல்ல. புது போர் போட அப்பாவுக்கு 1.8 லட்சம் தேவைப்பட்டுச்சு. மாசம் 27,000 கட்டுற பையன்கிட்ட அவசரத்துக்கு இருபதாயிரம் கூட இல்ல. அம்மாவோட அஞ்சு பவுன் அடகுக்குப் போச்சு. அப்பா ஒண்ணும் திட்டலை. வாசல்ல நின்ன காரைப் பார்த்து, "ரெண்டு மூட்டை வைக்கக்கூட எடம் இல்லையேடா இதுல"ன்னு மட்டும் சொன்னார். இன்னிக்கும் காதுல கேட்குது.

26 மாசம் கழிச்சு 8.75 லட்சத்துக்கு வித்தேன். அப்ப லோன்ல பாக்கி 7.73 லட்சம். கையிலிருந்து போட்டதும் கட்டின இ.எம்.ஐ.யும் சேர்த்து 9.6 லட்சம் உள்ளே போயிருந்துச்சு. திரும்பி வந்தது ஒரு லட்சம் சொச்சம். இன்சூரன்ஸ், டயர், பம்பர் செலவெல்லாம் இதுல சேர்க்கலை. (பம்பர் எதுக்குன்னா, எங்க ஊர் ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொண்ணும் ஒரு சின்னக் கரடு.)

சரி, ட்ரிப்புக்கு நெஜமா எவ்வளவு ஆகும்?

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை 44 நம்ம தருமபுரி வழியாத்தான் போகுது. மூவாயிரத்து எழுநூறு கி.மீ.க்கு மேல இருக்கற ரோடு, வீட்டுப் பக்கத்துலயே. கீழே கன்னியாகுமரி போய்த் தொட்டுட்டு, பெங்களூர், கர்னூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்முன்னு மேல ஏறி, திரும்பி ஊர் வந்து சேர சுமார் 7,400 கி.மீ. அங்கங்க சுத்தறதையும் சேர்த்து 8,000னு வச்சுக்குவோம்.

லிட்டருக்கு 14 கி.மீ. கொடுக்கிற டர்போ பெட்ரோல் கார்னா, லிட்டர் 100 ரூபாய் கணக்குல பெட்ரோல் 57,000. ரெண்டு பேருக்கு 19 ராத்திரி ரூம், சராசரி 2,000னா 38,000. சாப்பாடு ஒரு நாளைக்கு 1,200னா 20 நாளைக்கு 24,000. கிளம்பறதுக்கு முன்னாடியும் வந்த பிறகும் சர்வீஸ் 25,000. வழியில ஏதாவது ஆச்சுன்னா எடுக்க 30,000.

டோல்தான் எல்லாரும் பயப்படற விஷயம். அது இப்ப பிரச்சினையே இல்ல. 2025 ஆகஸ்ட் 15லிருந்து தனியார் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருஷ பாஸ் வந்திருக்கு. அறிமுக விலை 3,000 ரூபாய். ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதல்ல முடியுதோ அது. 60 கி.மீ.க்கு ஒரு டோல்னு வச்சாலும் 8,000 கி.மீ.க்கு 133தான் வரும். ஒரு எச்சரிக்கை: இது தேசிய நெடுஞ்சாலைக்கும் தேசிய விரைவுச்சாலைக்கும் மட்டும்தான். ஆக்ரா-டெல்லி நடுவுல ஆசைப்பட்டு யமுனா எக்ஸ்பிரஸ்வேல ஏறினா அது மாநில ரோடு, தனியாக் காசு போகும்.

எல்லாம் கூட்டினா 1,77,000. ஆளுக்கு 88,500. இதுல யாருமே எழுதாத ஒரு வரி இருக்கு: லீவு. 20 நாள்ல வேலை நாள் 14. உங்ககிட்ட எட்டு நாள் ஈட்டிய விடுப்பு இருந்தா மீதி ஆறு நாள் சம்பளப் பிடித்தம். மாசம் 60,000 வாங்கறவருக்கு அது 12,000. ஆக மொத்தம் ஆளுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம். ஆயுத பூஜை, தீபாவளி லீவுகளோட ஒட்டிப் போட்டா பிடித்தம் இன்னும் குறையும்.

மாசம் 6,700 வச்சா 15 மாசத்துல சேர்ந்துடும். என்னோட 27,303க்கு எதிர்ல இந்த 6,700ஐ வச்சுப் பாருங்க. 15 மாசத்துல எடுக்கப்போற பணத்தை ஸ்மால் கேப் ஃபண்ட்ல போடாதீங்க, ஆர்.டி. போதும். மார்க்கெட் இறங்கினா உங்க ட்ரிப் நாக்பூரோட நின்னுடும்.

இங்க ஒரு குரூப் வந்து சொல்லும்: "அந்த ஒரு லட்சத்தை 12 சதவீதத்துல 25 வருஷம் விட்டா 17 லட்சம் ஆகும் ப்ரோ." கணக்கு சரிதான். ஆனா எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கறதில்ல. எந்தச் செலவை எடுத்தாலும் இதே பதில் வரும், கல்யாணச் சாப்பாட்டுக்கும் வரும். அதோட, 25 வருஷம் கழிச்சு அந்த 17 லட்சம் இருக்கும். கூட வர வேண்டிய ஆளு இருப்பாரா?

இன்னொண்ணு. ஆறு மாசச் செலவு எமர்ஜென்சி ஃபண்டா வைங்கன்னு எல்லாரும் சொல்றோம், நானும் சொல்லியிருக்கேன். கிராமத்துல அப்பா அம்மா இருக்கறவங்களுக்கு அது பத்தாது. போர் மோட்டார் எரியறது, மாடு நோவுல விழறது, கூரை மாத்தறது எதுவும் பெங்களூர்ல போடற மாசச் செலவுக் கணக்குல வராது. ஊருக்குன்னு தனியா ஒரு ஒன்றரை ரெண்டு லட்சம் எஃப்.டி. போட்டுட்டு, அப்புறம் ட்ரிப் ஆர்.டி. ஆரம்பிங்க. ஒரு வருஷம் தள்ளிப்போனா பரவாயில்ல. ரோடு எங்கேயும் போயிடாது.

அப்ப ஸ்போர்ட்ஸ் கார் ஆசை?

ஆசையை விடச் சொல்லலை. "சின்ன கார்"ங்கறதுக்கு அரசாங்கம் வச்சிருக்கற அர்த்தத்தைப் புரிஞ்சுக்குங்கன்னு சொல்றேன். 2025 செப்டம்பர் 22லிருந்து நாலு மீட்டருக்குள்ள நீளமும் 1,200 சிசிக்குள்ள பெட்ரோல் இன்ஜினும் இருந்தா புதுக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இல்லைன்னா 40. மினி கூப்பர் எஸ் பேருல சின்னது, நீளத்துலயும் சின்னது, ஆனா 2 லிட்டர் இன்ஜின். வரியில பெரிய காரு. அதுக்கு மேல தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ், 2023 நவம்பர்லிருந்து 20 லட்சத்தைத் தாண்டின காருக்கு 20 சதவீதம். ஐ20 என் லைன் மாதிரி ஹேட்ச்பேக்ல 998 சிசி டர்போ இன்ஜின், 120 பி.எஸ். பவர். நாலு கதவு இருக்கறதால யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, அவ்வளவுதான். ஜான்சி தாண்டி நாலு வழி ரோட்டுல இதுக்கு மேல பவர் இருந்து என்ன பண்ணப் போறீங்க?

ரெண்டு சீட் கார்தான் வேணும்னா, கிளம்பறதுக்கு முன்னாடி இதையும் யோசிங்க. தாழ்வான காரை கொக்கி போட்டு இழுக்க முடியாது, பிளாட்பெட் வண்டிதான் வரணும். உங்க இன்சூரன்ஸ்ல ரோடு உதவி எத்தனை கி.மீ. வரைக்கும் இலவசமா இழுப்பாங்கன்னு படிச்சுப் பாருங்க. அடுத்த சர்வீஸ் சென்டர் அதைவிட எவ்வளவு தூரம்னு மேப்ல பாருங்க. மாடல் நின்னுபோன காரா இருந்தா பாகம் கிடைக்காது. நம்ம நாட்டுலயே கோவாவுல சான் ஸ்டார்ம்னு ஒரு குட்டி ரெண்டு சீட் கார் செஞ்சாங்க, 1.2 லிட்டர் ரெனோ இன்ஜின் வச்சு. பார்க்க அழகா இருக்கும். அதை வச்சிருக்கறவங்ககிட்ட ஒரு கதவுக் கண்ணாடிக்கு எவ்வளவு அலையறாங்கன்னு கேளுங்க. பழைய ஓனர் இன்ஜின் மேப்பையோ சைலன்சரையோ மாத்தி இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம விட்டிருந்தா, க்ளெய்ம் நிராகரிக்கறதுக்கு அதுவே காரணமாகலாம்.

வாடகைக்கு எடுத்து ஒரு வாரக் கடைசி ஏற்காடு வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு வர்றது நல்ல யோசனை. பாதிப் பேருக்கு ஆசை அதுலயே தீர்ந்துடும். நம்பர் பிளேட் கறுப்புல மஞ்சள் எழுத்தா இருக்கணும், அதுதான் முறையான செல்ஃப் டிரைவ் வண்டி. "நம்ம ஃப்ரெண்ட் காரு, நாளைக்கு இவ்வளவு கொடு"ன்னு வெள்ளை பிளேட் காரை எடுத்து இடிச்சா, இன்சூரன்ஸ் கை விரிச்சுடும். அந்த ஃப்ரெண்டும் போயிடுவான்.

வழியைப் பத்தி நாலு வார்த்தை. நம்ம தொப்பூர் கணவாய்லயே ஆரம்பிக்குது பரீட்சை. இறக்கத்துல நியூட்ரல்ல விடற லாரிக்குப் பக்கத்துல சின்ன காரை வச்சுக்காதீங்க. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், மழையில ராம்பன் பக்கம் மண் சரிஞ்சா ரோட்டை நாள்கணக்குல மூடிடுவாங்க, ரூம் வாடகை மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். டிசம்பர், ஜனவரியில டெல்லி, பஞ்சாப் பக்கம் பனிமூட்டம். மே மாசம் நாக்பூர் வெயில்ல காருக்கு முன்னாடி நீங்க சூடாயிடுவீங்க. அக்டோபர்தான் சரி. ஜம்மு காஷ்மீருக்குள்ள நுழைஞ்சா வெளி மாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஒரு நம்பரைப் போஸ்ட்பெய்டுக்கு மாத்திடுங்க, யு.பி.ஐ.யும் அந்த நம்பரை நம்பித்தான் இருக்கு. கையில கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

அப்ப நீ போனியான்னு கேட்பீங்க. இந்த அக்டோபர்ல போறேன். போன வருஷம் அஞ்சு வயசான ஒரு டர்போ ஹேட்ச்பேக் எடுத்தேன், 6.5 லட்சம், முழுசும் சேர்த்த பணம். ட்ரிப் ஆர்.டி. ஆகஸ்ட்ல முடியுது. ஊர் எஃப்.டி. தனியா இருக்கு. அம்மாவோட அஞ்சு பவுன் 2021லேயே திரும்பி வந்துடுச்சு.

ரெண்டாவது ஆளு அப்பா. 63 வயசு. பாம்பூர்ல ரோட்டோரமே குங்குமப்பூ வயல், அக்டோபர் கடைசியில பூக்கும்னு காட்டினதுலிருந்து, அது மானாவாரியா, தண்ணி பாய்ச்சறாங்களான்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார். போன வாரம் ஊருக்குப் போனப்ப வேட்டியை மடிச்சுக்கட்டிக்கிட்டு முன் சீட்டுல ஏறி உட்கார்ந்து பார்த்தார். முட்டி இடிக்கலை. இறங்கி வந்து டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஒரு மூட்டை வைக்கலாம்னார்.