விசாரிப்பவர் எல்லோரும் வேலை தருபவர் அல்லர்

தோட்டக்காணியை விட்டு எழும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று என்ன தொழில் செய்கிறார்கள் என்று பார்த்தால், மேசன் வேலையும் பெயின்ற் அடிக்கும் வேலையும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர்விட்டு ஊர் ஓடியவர்களின் பிள்ளைகளும் இதற்குள் அடங்குவர். காரணம் விளங்காததல்ல. இந்தத் தொழிலுக்குக் காணி வேண்டாம், கிணறு வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். ஒரு றோலர், நாலைந்து பிறஸ், ஓர் ஏணி, சாரம் கட்டத் தெரிந்த இரண்டு கூட்டாளிகள் இருந்தால் தொடங்கலாம். கமக்காரனின் பிள்ளை சுவருக்குப் பெயின்ற் அடிப்பதா என்று முணுமுணுக்கும் பெரியவர்களும் எம்மிடையே உண்டு. காணி விடுபடும்வரை வயிறு காத்திருக்காது என்பதே அவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய பதில்.

வேலையும் இல்லாமலில்லை. இந்திய அரசின் உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த வீட்டுத்திட்டத்தில் 2012 முதல் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அந்தப் பணம் சுவருக்கும் கூரைக்குமே சரியாகப் போய், பூச்சும் பெயின்ற்றும் 'பிறகு பார்ப்போம்' என்று விடப்பட்ட வீடுகள் அநேகம். அந்தப் 'பிறகு' இப்போது ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. மறுபுறம், கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் உறவினர் ஊரிலுள்ள வீடுகளைத் திருத்துகின்றனர். வேலையும் இருக்கிறது, வேலை தேடும் கையும் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல்.

முன்னர் இந்தச் சந்திப்பு ஹாட்வெயார் கடை வாசலில் நடந்தது. கடைக்காரரோ மேசனோ ஆளைக் காட்டிவிடுவார். காட்டியதற்கு ஒரு பங்கும் எடுத்துக்கொள்வார். இப்போது எமது இளைஞர்கள் அந்தப் பங்கைக் கொடுக்க மனமில்லாமல் சொந்தமாக இணையப்பக்கம் திறக்கிறார்கள். நல்ல காரியம்தான். பக்கத்தைப் பார்ப்பவர் தொகை நூற்றுக்கணக்கில் ஏறுகிறது, படத்துக்கு விருப்பக்குறிகள் விழுகின்றன, 'விலை என்ன?' என்று பத்துப் பேர் எழுதுகிறார்கள். மாத முடிவில் கிடைத்த வேலையோ ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் தந்தது. இதனால் மனம் வெறுத்துச் சிலர் பக்கத்தைக் கைவிடுகின்றனர். வேறு சிலர் கடன்பட்டு விளம்பரத்துக்குக் காசு கட்டுகின்றனர். இரண்டுமே தவறான முடிவு என்பது எமது கருத்து. பார்ப்பவர் தொகை குறைவென்று சொல்வதற்கில்லை. பார்ப்பவரை விசாரிப்பவராகவும், விசாரிப்பவரை வேலை தருபவராகவும் கொண்டுவருகின்ற ஒழுங்கைதான் இன்னும் வெட்டப்படவில்லை.

இது எமக்குப் புதிய பாடமல்ல. சுன்னாகம் சந்தையிலோ மருதனார்மடத்திலோ கத்தரிக்காயை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது தெரியும். காயைக் கையில் எடுத்து, அமத்திப் பார்த்து, விலை கேட்டு, 'அப்படியோ' என்று சொல்லி நடப்பவர் ஒரு வகை. 'எத்தனை அந்தர் வரும்? எப்போது பிடுங்குவீர்கள்? நான் லொறி அனுப்பட்டுமா?' என்று கேட்பவர் இன்னொரு வகை. பின்னவர் வாயில் அளவும் நாளும் வருகின்றன. வணிகம் படித்தவர்கள் இப்படிப்பட்டவரைத் 'தகுதி பார்க்கப்பட்ட லீட்' என்கிறார்கள். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே: இவருக்கு வேலை உண்மையில் இருக்கிறது, அதை முடிவு செய்யும் உரிமை இருக்கிறது, கொடுக்கப் பணம் இருக்கிறது, அந்த வேலை எம்மால் செய்யக்கூடியதாகவும் இருக்கிறது. இந்த நாலும் தெரியாமல் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து, கிளிநொச்சியிலிருந்து பருத்தித்துறைக்கு அளவெடுக்க ஓடுபவர் அந்த நாட்கூலியையும் சேர்த்தே இழக்கிறார்.

முதலில் பக்கத்தையே பார்ப்போம். நாம் பார்த்தவற்றிற் பலவற்றில் இருந்தவை எங்கோ வெளிநாட்டு மாளிகைகளின் படங்கள். சுதுமலையிலோ முழங்காவிலிலோ இரண்டு அறை வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க நினைக்கும் தாயார் அதைக் கண்டு என்ன நினைப்பார்? இது எங்களுக்கு உரியதல்ல என்று மூடிவிடுவார். தான் அடித்த சுவரை, அடிக்குமுன் ஒரு படமும் அடித்தபின் ஒரு படமும் எடுத்து, எந்த ஊர், எத்தனை நாள் வேலை, எத்தனை தடவை பூசியது என்று இரண்டு வரி எழுதினால் போதும். எந்தப் பிரதேசம்வரை வருவோம், எதைச் செய்யமாட்டோம் என்பதும் இருக்கட்டும். மூன்று மாடிக் கட்டடத்துக்குச் சாரம் கட்ட வசதியில்லை என்றால் அதை எழுதிவிடுவதில் வெட்கமில்லை. வீணாக விசாரிப்பவர் குறைவார்.

விலையை எழுதலாமா என்பது பெரிய விவாதம். எழுதினால் மற்றவன் ஐந்து ரூபா குறைத்துப் போட்டுவிடுவான் என்கிறார்கள். அந்தப் பயத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் விலையே இல்லாத பக்கத்தில் 'விலை என்ன?' என்ற ஒற்றைக் கேள்வியைத் தவிர வேறென்ன வரும்? சதுர அடிக்குக் குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று ஓர் எல்லையைச் சொல்லி, அதற்குள் என்ன அடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சுவர் தேய்த்தல், வெடிப்பு அடைத்தல், ஃபில்லர், பிறைமர், இரண்டு தடவை பெயின்ற், கூலி மட்டுமா சாமானுடனா என்பவை அதில் வரவேண்டும். குறைத்துப் போடுபவன் இவற்றில் எதையோ விட்டுத்தான் குறைக்கிறான் என்பதைப் பார்ப்பவரே கண்டுகொள்வார்.

அடுத்தது, விசாரிப்பவரிடம் திருப்பிக் கேட்கும் கேள்விகள். இங்கேதான் எம்மவர் அதிகம் தவறவிடுகின்றனர். 'விலை என்ன?' என்பதற்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள், மறுபக்கம் மௌனம். தொகையைச் சொல்வதற்கு முன் ஆறு விடயம் தெரிய வேண்டும்: வீடு எந்த ஊர், புதுச் சுவரா பழையதா, எத்தனை அறை அல்லது நீள அகலம் என்ன, ஈரமோ உப்புப் பூத்தலோ உண்டா, எந்த மாதத்துக்குள் முடியவேண்டும், தீர்மானிப்பவரும் பணம் கொடுப்பவரும் யார். இதற்குமேல் கேட்டால் பிரதேச செயலகப் படிவம்போலாகி, ஆள் ஓடிவிடுவார். நாலு சுவரையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். படம் அனுப்பும் சிரமத்தை எடுப்பவர் பெரும்பாலும் வேலை உள்ளவரே.

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. புதுப் பூச்சு என்றால் நாலு கிழமையாவது காயவேண்டும். பத்து நாளில் அடிக்கச் சொல்பவரிடம் அதை எடுத்துச் சொல்லி ஒரு நாள் குறித்தால், அவர் உங்களையே தேடி வருவார். பழைய சுவர் என்றால் எத்தனை வருடம் பழையது என்பதையும் கேளுங்கள். எமது நாட்டில் பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்கு எல்லை விதிக்கும் கட்டளை 2011 இல் வெளியாகி 2013 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எனாமல் பூசிய கதவு நிலைகளை உலர்த்தியாகத் தேய்த்தால் தூசு பிள்ளைகளுக்குக் கேடு. தேய்க்கும் உங்களுக்கும் கேடு. நனைத்துத் தேய்க்க நேரம் கூட எடுக்கும், விலையும் அதற்கேற்ப மாறும்.

அறையின் அளவு தெரிந்தால் கணக்கும் கைக்குள் வந்துவிடும். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமான அறைக்கு நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு யன்னலுக்கு 40 கழித்தால் 400. இரண்டு தடவைக்கு 800. கரடான சுவரில் ஒரு லீற்றர் ஏறத்தாழ 100 சதுர அடி பிடிக்கும் என்று வைத்தால் 8 லீற்றர். அழுத்தமான சுவரென்றால் குறையும், தகரத்திலும் எழுதியிருக்கும். இந்தக் கணக்கை இரண்டு வரியில் எழுதி அனுப்பிப் பாருங்கள். வெறும் தொகையைக் கண்டவருக்கும், தொகை எப்படி வந்தது என்று கண்டவருக்கும் நம்பிக்கையில் எவ்வளவு வித்தியாசம்!

வெளிநாட்டு உறவினர் விடயம் தனியானது. வீட்டில் இருப்பவர் சித்தப்பா, பணம் அனுப்புபவர் ரொறன்ரோவில் உள்ள மகள், நிறம் தெரிவு செய்பவர் இலண்டனில் உள்ள மருமகள். சித்தப்பாவுடன் மூன்று நாள் பேசிய பின், 'பிள்ளை ஓமெண்டால்தான்' என்ற பதில் வருவதை அனுபவித்தவர்கள் பலர். தீர்மானிப்பவர் யார் என்பதை முதல் நாளே மரியாதையாகக் கேட்டு, அவரையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் ரொறன்ரோ எமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது. எமது இரவு எட்டு மணி அவர்களுக்குக் காலை பத்தரை. அவர்கள் பிள்ளைகளின் விடுமுறையோடு யூலை, ஓகஸ்டில் வருவார்கள். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வரும் விசாரிப்பு பெறுமதியானது. அதே ஆள் ஒக்டோபரில் வெளிச்சுவர் பற்றிக் கேட்டால், மாரி முடிந்து தைக்குப் பிறகு என்று நாள் குறித்து, தை பிறந்ததும் நீங்களே நினைவூட்டுங்கள்.

விரைவாகப் பதில் சொல்வது பற்றி ஓர் ஆய்வு உண்டு. 2011 இல் ஹாவார்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையில் வெளியான கட்டுரையொன்றின்படி, சோதித்துப் பார்க்கப்பட்ட 2,241 அமெரிக்க நிறுவனங்களில் 23 வீதமானவை இணையத்தில் விசாரித்தவருக்குப் பதிலே அனுப்பவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்கள், அதன்பின் தொடர்புகொண்டவற்றைவிட, தீர்மானிப்பவருடன் பயனுள்ள பேச்சை நடத்த ஏறத்தாழ ஏழு மடங்கு வாய்ப்புப் பெற்றன. அமெரிக்கக் கணக்கு எமக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் பதில் வராத இடத்தில் மனிதர் காத்திருப்பதில்லை என்பது எங்கும் ஒன்றுதான்.

ஆனால் சாரத்தில் நிற்பவர் எப்படிப் பதில் எழுதுவார்? கையெல்லாம் பெயின்ற். இவ்விடத்தில் எமக்கு ஒரு யோசனை உண்டு. ஓ.எல். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் தங்கையோ, கணக்குப் பார்க்கத் தெரிந்த மனைவியோ அந்தத் தொலைபேசியைப் பகலில் வைத்திருக்கலாம். அதே ஆறு கேள்வி, அதே கணக்கு. ஒரு கிழமையில் பழகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் வட்ஸ்அப் பிஸ்னஸில் வழமையான பதில்களை முன்கூட்டியே எழுதி வைக்கவும், விசாரித்தவர்களைப் பிரித்துக் குறிக்கவும் வசதி உண்டு. ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறோம்: இது வீட்டு உதவியல்ல, வேலை. கிடைத்த கொந்தராத்திலிருந்து இதற்கும் ஒரு பங்கு எண்ணிக் கொடுக்கப்பட வேண்டும். தோட்டத்தில் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விட்ட பழக்கத்தை இந்தத் தொழிலுக்கும் கொண்டுபோகத் தேவையில்லை.

விசாரிப்பவரின் தொலைபேசி இலக்கத்தை ஓடு விற்பவருக்கும் யன்னல் செய்பவருக்கும் கொடுத்துக் காசு பார்ப்பதாகவும் கேள்விப்படுகிறோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படியான விடயங்களுக்காகவே நிறைவேற்றப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, இலக்கத்தைத் தந்தவர் சுவருக்காகத்தான் தந்தார்.

விளம்பரத்துக்குக் காசு கட்டுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் படம் அனுப்பினார்கள், எத்தனை வீட்டுக்குப் போய் அளந்தோம், எத்தனை வேலை கிடைத்தது என்று மாதாமாதம் எழுதுங்கள். விதைத்தது எவ்வளவு, முளைத்தது எவ்வளவு என்று பாத்தியில் பார்த்தவர்களுக்கு இது கடினமல்ல. முப்பது பேர் விசாரித்து இரண்டு பேர்தான் படம் அனுப்பினார்கள் என்றால் கேள்வி கேட்கும் விதத்தில் பிழை. பத்து வீடு அளந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் விலையிலோ பேச்சிலோ பிழை. விளம்பரம் இவை இரண்டையும் திருத்தாது.

சில வேலையை மறுக்கவும் வேண்டிவரும். மழைநீர் கசியும் சுவரை அப்படியே அடித்துத் தா என்பவரிடம், கசிவை மேசனைக் கொண்டு திருத்திய பின் வருகிறோம் என்று சொல்லுங்கள். அடித்தால் அடுத்த மாரியில் உரியும். உரிந்த சுவரின் படமும் இணையத்தில் ஏறும், உங்கள் பெயரோடு.

கடைசியாக மதிப்பீட்டுத் தாள். அதில் தொகை, அடங்கும் வேலை, பணம் கொடுக்கும் கட்டங்கள் என்பவற்றோடு, இந்த விலை எந்தத் திகதிவரை செல்லும் என்பதும் இருக்கவேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. திகதி இல்லாமல் சாமானுடன் விலை பேசியவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டே வேலையை முடிக்க நேர்ந்தது. இரண்டு கிழமை என்று எழுதுங்கள். அது கடந்து வருபவருக்கு ஹாட்வெயார் கடையில் அன்றைய விலையைக் கேட்டு, புதுத் தாளில் எழுதிக் கொடுக்கலாம்.